சேணம் பூட்டிய கழுதை

எபிரேயர் படையில் ஒரு சட்டம் உண்டு. சண்டைக்கு முன்னால் ஆசாரியர், "பயந்தவன் வீட்டுக்குப் போகலாம், அவன் பயம் அடுத்தவனுக்குத் தொற்ற வேண்டாம்" என்று அறிவித்தாக வேண்டும். அன்றும் அறிவித்தார். உடனே தளபதி எல்நாத்தான் வாளை உருவினான்.

"போகிறவன் தலை போகும்! பயமில்லை என்று கர்த்தர்மேல் ஆணையிடுங்கள்!"

நடுங்கிக்கொண்டே எல்லாரும் ஆணையிட்டார்கள். தண்ணீர் சுமக்கும் சக்கூர் மட்டும் வாய் திறக்கவில்லை. பொய்யாணை பாவம்; மறுத்தால் சாவு. வாள்நுனி அவன் கழுத்தைத் தொட்டது.

"ஆணையிடுகிறேன் ஐயா. உங்கள் கழுதைக்குப் பக்கத்தில் நிற்கவிட்டால் எனக்கும் பயமில்லை."

"அங்கே எதற்கடா?"

"அதுதானே விடியுமுன்பே சேணம் பூட்டி, ஊரைப் பார்த்து நிற்கிறது!"

படை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தளபதியின் கூடாரத்துக்குப் பின்னால், எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுதை நின்றது.

ஆசாரியர் மெதுவாகக் கேட்டார்: "தளபதி, நீங்கள் இன்னும் ஆணையிடவில்லையே?"

எல்நாத்தான் வாயைத் திறந்தான். கர்த்தரின் பெயர் வரவில்லை. வாள் தாழ்ந்தது.

"சட்டம் உங்களுக்கும்தான். வீட்டுக்குப் போகலாம்" என்றார் ஆசாரியர்.

அவன் கழுதையை அவிழ்க்கப் போனான். சக்கூர் குறுக்கே வந்து கயிற்றைப் பிடித்தான்.

"இது இருக்கட்டும் ஐயா. பயந்தது இது இல்லையே."