கொடியில்லாத மதகு

ஒரு காட்டுக்குள் பெரிய ஏரி இருந்தது. ஏரிக்குள் ஆமைகளும் தவளைகளும் மீன்களும் வாழ்ந்தன. கரைக்குக் கீழே இருந்த புல்வெளியில் முயல்களும் முள்ளம்பன்றிகளும் வாழ்ந்தன.

ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது மேலே இருந்தவர்களின் கவலை. புல்வெளிக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பது கீழே இருந்தவர்களின் கவலை. இரண்டு கவலைக்கும் நடுவில் ஒரு மதகு இருந்தது.

சோழர் காலத்து மனிதர்கள் வெட்டிய ஏரி அது. அந்தக் காலத்தில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஒருமுறை பொறுப்பில் இருந்தவரின் பெயர் மறுபடியும் குடத்துக்குள் போக மூன்று வருஷம் பொறுத்திருக்க வேண்டும். பிறகு எப்போதோ மனிதர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ஏரியும் குடமும் இந்த வழக்கமும் மட்டும் விலங்குகளிடம் தங்கிவிட்டன.

விலங்குகளுக்கு எழுதத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு அடையாளத்தைக் குடத்தில் போட்டன. முயல் ஒரு கொத்து முடி, கொக்கு ஒரு இறகு, முள்ளம்பன்றி ஒரு முள். பகலில் கண் கூசும் தேவாங்குதான் கையை விட்டு எடுக்கும். ஒரு வருஷம் முள் குத்தி அது குடத்தையே எட்டி உதைத்துவிட்டது. அதிலிருந்து எல்லா அடையாளத்தையும் ஆலிலையில் சுற்றிப் போடுவது என்று முடிவாயிற்று.

யார் பெயர் வந்தாலும் ஒரு வருஷத்துக்கு அவர் செய்ய வேண்டிய மதகு வேலை ஒன்றுதான். ஏரியின் அடியில் ஒரு துளை. துளைமேல் ஒரு மூடிக்கல். கல்லில் கட்டிய தடித்த காட்டுக்கொடி கரைவரை வரும். கரையில் நின்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கொடியை இழுத்தால் கல் நகரும், தண்ணீர் கீழே போகும். முயலும் இழுக்கலாம், மயிலும் இழுக்கலாம். ஒரே தொல்லை, கொடி தண்ணீரில் ஊறி ஊறி அழுகும். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் காட்டுக்குள் போய்ப் புதுக்கொடி வெட்டி இழுத்துவர வேண்டும்.

ஒரு வருஷம் நீர்நாயின் பெயர் வந்தது.

நீர்நாய் வேலையில் கெட்டி. "கொடியெல்லாம் எதுக்கு? நகருங்க!" என்று தண்ணீருக்குள் பாய்ந்தது. ஒரு மூச்சுப் பிடிப்பதற்குள் மதகு திறந்தது. மீண்டும் ஒரு மூச்சு, மூடிக்கொண்டது. மூடிக்கல்லின் பக்கத்தில் சின்னக் கல் ஒன்றை ஆப்பாகச் செருகி, வீணாகக் கசிந்த தண்ணீரையும் நிறுத்திவிட்டது. அந்தக் கோடையில் ஏரியும் வற்றவில்லை, புல்லும் காயவில்லை.

வருஷம் முடிந்தது. குடத்தைக் கழுவிக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள்.

"குடம் எதுக்கு இப்போ?" என்றது முயல். "நீர்நாயண்ணன் மாதிரி ஒரு ஆள் கிடைக்குமா? அவரே இருக்கட்டும்!"

"ஆமாமா!" என்றது முள்ளம்பன்றி. "கொடி வெட்டப் போற வேலையும் மிச்சம்!"

"எம் பேரு வந்து தொலைச்சா என்ன பண்றதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல" என்றது ஆமை. "நான் மதகுக்குப் போய்ச் சேரவே பொங்கல் வந்துடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் கரையிலிருந்து கீச்சென்று எழுந்தது. அது ஆள்காட்டிக் குருவி.

"கூடாது! கூடாது! குடத்தைக் குலுக்கித்தான் ஆகணும்!"

"ஏம்மா, நீர்நாய் உனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?" என்றது முள்ளம்பன்றி.

"ஒரு கெடுதலும் பண்ணல. ரொம்ப நல்லவரு. அதுக்காக வழக்கத்தை விடலாமா?"

"நல்லவருன்னு நீயே சொல்ற. அப்புறம் என்ன?"

"வழக்கம் கெட்டவங்களுக்கு மட்டும்னு யாரு சொன்னா? நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா யாரு மதகைத் தொடுவா?"

"வாயைக் கழுவு!" என்று கூட்டம் கத்தியது. நீர்நாய்க்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் மீசையைத் தடவிக்கொண்டு, "நீங்கள்லாம் இவ்வளவு சொல்லும்போது நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றது.

குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். அன்று சாயங்காலமே தவளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கச்சேரி வைத்தன.

அடுத்த வருஷமும் நீர்நாய்தான். அதற்கடுத்த வருஷம் யாரும் கேட்கவே இல்லை. பழைய கொடி அழுகித் துண்டு துண்டாக மிதந்து போயிற்று. அதையும் யாரும் கேட்கவில்லை. கொடி இழுக்கத் தெரிந்தவர்களுக்கு அது மறந்தது. புதிதாகப் பிறந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

ஆள்காட்டி மட்டும் விடவில்லை. நீர்நாய் மதகுக்கு வரும்போதெல்லாம் தலைக்குமேல் வட்டமிட்டது.

"ஏன் இப்பவே திறக்கறீங்க? ஏன் இவ்வளவு? மூடுங்க, மூடுங்க, போதும்!"

"குருவியம்மா, கொஞ்சம் மூச்சு விட விடேன்!" என்று நீர்நாய் கெஞ்சும்.

"உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று கொக்கு கேட்டது.

"உன் முட்டை மரத்து மேல இருக்கு, நீ ஒத்தக்கால்ல நின்னு தூங்கலாம்" என்றது ஆள்காட்டி. "என் முட்டை கரைச்சரிவுல, வெறும் கூழாங்கல்லுக்கு நடுவுல கிடக்கு. தண்ணி ரெண்டு சாண் ஏறினா என் குடும்பமே போச்சு. மதகை நான் பார்க்காம யாரு பார்ப்பா?"

ஓர் ஆனி மாதம். ஆள்காட்டி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. யாரும் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து காட்டாறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஏரிக்குள் பாய்ந்தது. மரக்கட்டைகள் உருண்டு வந்தன. ஏரி கண்முன்னே ஏறியது. கரையில் ஓரிடத்தில் மண் சரிந்தது.

"நீர்நாயண்ணே! மதகு! மதகு!" என்று அலறிக்கொண்டு முயல் ஓடியது.

நீர்நாய் கரையில் படுத்துக் கிடந்தது. மதகை நோக்கி நீந்தி வரும்போதே ஒரு மரக்கட்டை மோதி அதன் முன்னங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை.

கீழே புல்வெளியில் குட்டிகள். மேலே சரியும் கரை. மழை நிற்பதாக இல்லை.

"கொடியை இழுப்போம்!" என்றது முள்ளம்பன்றி.

"எந்தக் கொடியை?" என்றது முயல்.

பழைய கொடி அழுகிப்போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அப்போ யாராவது முங்கித் திறக்கணும்" என்றது கொக்கு. எல்லோருடைய கண்ணும் ஆமைமேல் விழுந்தது.

"நானா? ஐயோ!" ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு மெல்ல வெளியே நீட்டியது. "சரி, போறேன். நீர்நாய்த் தம்பி, எப்படித் திறக்கறதுன்னு சொல்லு!"

நீர்நாய் வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"அது வந்து... முங்கினதும்... கை தானாப் போகும்க்கா!"

"எங்க போகும்?"

"அதான் தெரியல! நான் யோசிச்சுப் பண்ணினதே இல்லையே. கை பாட்டுக்குப் பண்ணும், கல்லு பாட்டுக்கு நகரும்!"

"நல்லா சொன்னே போ! உன் கையைக் கழட்டியா எடுத்துட்டுப் போறது?" என்று முயல் அழாத குறையாகக் கத்தியது.

அப்போதுதான் ஆள்காட்டி பறந்து வந்தது. சிறகெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

"எனக்குத் தெரியும்! நான் சொல்றேன்!"

"உனக்கா? நீ ஒருநாளும் தண்ணிக்குள்ள இறங்கினதில்லையே?" என்றது முயல்.

"மேல இருந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கேனே! கோடையில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கயாவது தப்பு பண்ண மாட்டாரா, பிடிச்சுக்கலாம்னு தினமும் பார்த்தேன். ஒரு தப்பும் பண்ணல, பாவி மனுஷன்! ஆனா பண்ணினது எல்லாம் மனப்பாடம்! ஆமையக்கா, கேட்டுக்கோ. முதல்ல இடப்பக்கம் செருகியிருக்கிற ஆப்புக்கல்லை உருவு. அப்புறம் மூடிக்கல்லைத் தூக்காதே. தள்ளு!"

ஆமை முங்கியது. கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை. தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தது.

"இடப்பக்கம் ஒண்ணுமே இல்லியே!"

"யாருக்கு இடப்பக்கம்? நீ எந்தப் பக்கம் பார்த்து நின்னே?"

"காட்டைப் பார்த்து."

"அவரு கரையைப் பார்த்து முங்குவாரு! திரும்பு, திரும்பு! மழையில நின்னு திசை சொல்ல வேண்டியிருக்கு!"

ஆமை மறுபடி முங்கியது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கூழாங்கற்களின் முதல் வரிசை நனைந்தது. ஆள்காட்டியின் முட்டைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஆள்காட்டி அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. உடனே மதகின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆமை வாயில் ஆப்புக்கல்லோடு மேலே வந்தது. "உருவிட்டேன்! ஆனா மூடி அசையல!"

"தள்றியா, தூக்கறியா?"

"கொஞ்சம் தூக்கிட்டுத் தள்றேன்."

"தூக்கவே கூடாதுன்னு சொன்னேனே! தண்ணியோட கனம் முழுக்க அது மேல உட்கார்ந்திருக்கு. அவரு மூக்கால மண்ணைப் பறிச்சுட்டு, தோளைக் கொடுத்துக் கரைப்பக்கமாத் தள்ளுவாரு. உனக்குத்தான் முதுகுல மலை மாதிரி ஓடு இருக்கே, அதை வச்சுத் தள்ளுக்கா!"

படுத்திருந்த நீர்நாய் தலையைத் தூக்கியது. "அட, ஆமா! மூக்கால பறிப்பேன்! எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது!"

ஆமை மூன்றாம் முறையாக முங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரில் ஒரு சுழி விழுந்தது. சுழி பெரிதாயிற்று. கரைக்குக் கீழே கால்வாயில் தண்ணீர் குபுகுபுவென்று பாயும் சத்தம் கேட்டது.

"திறந்துடுச்சு! திறந்துடுச்சு!" என்று முயல் குதித்தது. குதித்த வேகத்தில் முள்ளம்பன்றிமேல் விழுந்து, அதற்காகவும் கொஞ்சம் கத்தியது.

தண்ணீர் ஏறுவது நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. ஆள்காட்டி பறந்து போய் முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. நாலும் காய்ந்தே இருந்தன. அன்று முழுவதும் அது ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏரியில் அப்படி ஒரு அமைதியை யாரும் அதற்குமுன் கண்டதில்லை.

மழை விட்டு, நீர்நாயின் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் எல்லோரும் கூடினார்கள். முயல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம்மைக் காப்பாத்தினது ஆள்காட்டியக்கா. இனிமே எப்பவும் மதகு அவங்க கையிலதான்!" என்றது.

"ஆமாமா!" என்று கூட்டம் கத்தியது.

"உங்களுக்கெல்லாம் புத்தி வரவே வராதா?" என்று ஆள்காட்டி கீச்சிட்டது. "மறுபடியும் ஒரே ஆளா? எனக்கு இறக்கை ஒடிஞ்சா?"

நீர்நாய் நொண்டிக்கொண்டு நடுவில் வந்தது. "குருவியம்மா சொல்றது சரி. நான் நல்லா வேலை பார்த்தேன், அதுல பொய்யில்ல. ஆனா என் வேலை என்னோடவே இருந்துச்சு. வேற யாருக்கும் அதுல பங்கு கொடுக்கல. வாங்க, முதல்ல கொடி வெட்டுவோம்."

காட்டுக்குள் போய்ப் புதுக்கொடி இழுத்துவந்தார்கள். ஆமை முங்கி அதை மூடிக்கல்லில் கட்டியது. கவிழ்ந்து கிடந்த குடத்தைத் தவளைகளிடமிருந்து வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. நீர்நாயின் அடையாளம் தவிர மற்ற எல்லோருடையதும் உள்ளே போயின. தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டது. ஆலிலையைப் பிரித்தால் ஒரு கொத்து முடி இருந்தது.

"நானா?" முயலுக்குக் காது இரண்டும் விறைத்துப்போயின. "எனக்கு நீச்சலே தெரியாதே!"

"கொடி இழுக்க நீச்சல் எதுக்கு? மேல வா!" என்றது ஆமை.

மறுநாள் காலையில் முயல் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கொடியை இழுத்தது. கோணலாக இழுத்தது. நீர்நாய்க்குக் கை பரபரத்தது. "நான் வேணா ஒரு தடவை..." என்று எழுந்தது.

"உட்காருங்க!" என்று தலைக்குமேல் ஆள்காட்டி அதட்டியது. அப்படியே முயல் பக்கம் திரும்பி, "ஏன் இவ்வளவு? ஏன் இப்பவே? கொடியை நேராப் பிடி! ஒரு மதகு திறக்க இத்தனை ஆர்ப்பாட்டமா!" என்றது.

முயல் கொடியை நேராகப் பிடித்தது. மதகு திறந்தது. நீர்நாய் உட்கார்ந்த இடத்திலிருந்து ஈரக்கையைத் தட்டிச் சிரித்தது.

பொதுப் பொறுப்பு எவ்வளவு நல்லவர் கையில் இருந்தாலும் முறைப்படி கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கண்காணித்துக் கேள்வி கேட்பவரும் எப்போதும் இருக்க வேண்டும்.