தாசில்தார் கயிறு பிடித்த நாள்

"நான் கிளம்புறேம்மா" என்றார் வைத்தியலிங்கம். பெட்டி கையிலேயே இருந்தது.

முத்துநகை அம்மையார் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கடலோரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் தலைவி. வயது முப்பத்தெட்டு.

சீடருக்கு அறுபத்திரண்டு. ஓய்வு பெற்ற தாசில்தார். ஞானத்துக்குப் பணிமூப்பு கிடையாது என்பதை மிகவும் கஷ்டப்பட்டு ஒப்புக்கொண்டிருந்தார்.

"என்ன குறை?"

"பத்து மாசம் ஆச்சு. ஒருத்தர்கூட என்னைச் சேர்த்து 'நாம'ன்னு சொல்லலை. எல்லாம் 'நாங்க'தான். 'நாங்க சமைக்கிறோம் சார், நீங்க உட்காருங்க.' 'நாங்க பாடப்போறோம் சார், நீங்க கேளுங்க.' மனுஷன் எவ்வளவு நாள்தான் உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்பான்?"

மனைவி போன பிறகு அவரைச் சேர்த்துப் பேச வீட்டில் ஆள் இல்லை. அதைத் தேடித்தான் மடத்துக்கே வந்தார். ஞானம் கீனம் என்று சொன்னதெல்லாம் சும்மா.

"சேர்த்துக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா? சமையல்கட்டுல கேட்டேன், பஜனைல கேட்டேன், மாட்டுக்கொட்டில்லகூடக் கேட்டேன். 'அதுக்கென்ன சார், தாராளமா'ங்கிறாங்க. உடனே ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுடறாங்க!"

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போயிடறேன். ஒரு கூட்டத்துல மனுஷன் எப்போம்மா சேர்றான்?"

அம்மையார் வாயெடுத்தார். அதற்குள் கடற்கரையில் ஒரே கூச்சல்.

அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு அவர் ஓடினார். பதில் வாங்காமல் போக மனமில்லாமல் வைத்தியலிங்கமும் பெட்டியோடு பின்னால் ஓடினார்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு முனைகளிலும் நீளமான கயிறு. கயிற்றுக்கு ஒரு வரிசை ஆட்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் வலை கரையேறும். அன்றைக்கென்று பார்த்துப் பாதி ஊர் கல்யாணத்துக்குப் போயிருந்தது. அன்றைக்கென்று பார்த்து வலை கொள்ளாத மீன். தெற்கு வரிசை மணலில் வழுக்கி வழுக்கிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வைத்தியலிங்கம் தெற்கு வரிசையின் அருகில் போனார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் சேர்ந்துக்கலாமா?"

வரிசை பாட்டுப் பாடி இழுத்துக்கொண்டே இருந்தது.

"பார்த்தீங்களாம்மா? இங்கேயும் அதே கதைதான்."

"வாயெல்லாம் பாட்டுல இருக்கு. உங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் அம்மையார்.

வரிசையின் கடைசியில் நின்ற பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருய்யா அது, மரம் மாதிரி நிக்கிறது? பிடி!"

பெட்டி மணலில் விழுந்தது.

கயிறு நனைந்து கனத்தது. அவர் ஒரு பக்கம் இழுத்தார், வரிசை ஒரு பக்கம் இழுத்தது.

"யோவ் வழுக்கை! பாட்டுக்கு இழுய்யா!"

ஒரு தாலுகாவே எழுந்து நின்று வணங்கிய தலை அது. வைத்தியலிங்கத்துக்கு எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. சிரித்துக்கொண்டே இழுத்தார்.

ஏலேலோ! ஒரு அடி பின்னால்.

ஐலசா! இன்னும் ஒரு அடி.

உள்ளங்கை உரிந்தது. வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியது. வாழ்நாளில் பாடாதவர் தொண்டை கிழியப் பாடினார்.

பெரிய அலை ஒன்று வந்து வலையை வெடுக்கென்று இழுத்தது. முன்னால் நின்ற மூன்று பேர் குப்புற விழுந்தார்கள்.

"விட்டுடாதய்யா! விட்டா நாம எல்லாரும் தண்ணிக்குள்ளதான்!" என்று அலறினாள் பிலோமினா.

அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அடுத்த அலை வந்துகொண்டிருந்தது.

"குதிகாலை ஊனு! குதிகாலை ஊனு!" விழுந்தவர்களைப் பார்த்து அவர் கத்தினார். விழுந்தவர்கள் எழுந்து ஊன்றினார்கள்.

வலை அசைந்தது. பிறகு வந்தது. தண்ணீருக்கு மேலே மீன்கள் துள்ளத் தொடங்கின. கரை முழுக்க ஆரவாரம். இன்னும் பத்தடிதான்.

அம்மையார் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வைத்தியலிங்கம், மனுஷன் எப்போ சேர்றான்னு கேட்டீங்களே. அதுக்குப் பதில் என்னன்னா..."

"அட, வாயை மூடிக்கிட்டுக் கயித்தைப் பிடிங்கம்மா!"