கைக்கு யார் புள்ளி வைத்தது

“முப்பத்தி மூணு வருசமா இன்ஜின் பெல்ட்டுல எண்ணெய் பட்டா பாவம்னு சொன்னாங்க. இப்ப என்னடான்னா, பெல்ட்டை எண்ணெய்க்குள்ளேயே முக்கி வச்சு வண்டி விக்கான். எது சரி டீச்சர்?”

கேட்டவர் பணகுடி ஞானசிகாமணி. மெக்கானிக். வயது ஐம்பத்தி நாலு. பேரிலேயே ஞானம் இருந்ததால், அதைத் தேடிப் போகவேண்டிய அவசியம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

கேட்கப்பட்டவள் ஆரல்வாய்மொழி மைமூன். வயது முப்பத்தி ஆறு. சென்னையில் ஒரு கார் கம்பெனியில் மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். ஊர் திரும்பி, காற்றாலைகளுக்கு நடுவே ஒர்க்‌ஷாப் போட்டிருந்தாள்.

அந்த ஊர்க் காற்றை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதம் அங்கே வேட்டியைக் காயப்போட்டால், சாயங்காலம் அதை எடுக்கப் பணகுடிக்குப் பஸ் ஏறவேண்டும். ஞானசிகாமணியின் கடை வாசலில் அப்படி வந்து இறங்கிய வேட்டிகள் மூன்று. நாலாவது வேட்டி மடித்தே வந்து சேர்ந்தது.

அந்தக் காற்றை எதிர்த்து ஸ்கூட்டரில் வந்திருந்தார் அவர்.

“ரெண்டும் சரிதான் அண்ணாச்சி,” என்றாள் மைமூன்.

“அது எப்படி?”

“கோழியும் வாத்தும் ஒரே கூட்டுலதான் அடையுது. அதுக்காகக் கோழியக் குளத்துல விடுவீங்களா?”

ஞானசிகாமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“விட்டுட்டேன் டீச்சர். ரெண்டு வண்டிய.”

“சொல்லுங்க.”

“முதல் வண்டி, புது பெல்ட் போட்டுப் பதினோரு நாள் ஓடிச்சு. காவல்கிணறு விலக்குல எண்ணெய் விளக்கு எரிஞ்சுது. விளக்கு அணையும் முன்னாடி இன்ஜின் அணைஞ்சுட்டு. ரெண்டாவது வண்டி பதினோரு நொடி கூட ஓடல. சாவியத் திருப்புனேன். டக்குன்னு ஒரு சத்தம். உள்ள வால்வு எல்லாம் வளைஞ்சு கெடக்கு.”

“இப்ப?”

“மூணாவது ஒண்ணு கடையில நிக்குது. நர்ஸ் ராஜபுஷ்பம் வண்டி. மலையடிவாரத்துல எட்டு ஊருக்கு அதுலதான் போய் ஊசி போடுது. அதே மாதிரி இன்ஜின், அதே மாதிரி பெல்ட். வேற நல்ல ஆளுகிட்ட கொண்டு போம்மான்னு சொல்லிப் பாத்தேன். ‘செத்தாலும் உம்ம கையால சாகட்டும், சிகாமணியண்ணே’ன்னு சாவிய வச்சிட்டுப் போயிட்டா.”

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“இதுவும் போச்சுன்னா கடைய மூடிட்டு ஸ்பேனர் எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். வீட்டுலயும் சொல்லிட்டேன்.”

மைமூன் கேட்டது வேறொன்று.

“முதல் வண்டியில இருந்து கழட்டுன பழைய பெல்ட் இருக்கா?”

“கடைச் சுவத்துல தொங்குது.”

“கொண்டாங்க.”

அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்த பிறகு, பின்னாலிருந்து குரல் வந்தது.

“முழுசா கொண்டாங்க.”

*

மறுநாள் காலை, செய்தித்தாளில் சுற்றிய பெல்ட்டை மேசைமேல் வைத்தார்.

“முழுசா கொண்டாரச் சொன்னேனே அண்ணாச்சி.”

“முழுசுதான் டீச்சர். எங்கயும் அறுந்து போகல. வேணும்னா சுத்திப் பாருங்க.”

அவள் ஒரு புது பெல்ட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு கையிலிருந்த வெள்ளி வளையலைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

அந்த ஆணியைப் பற்றி ஊருக்கே தெரியும். வளையல் கையில் இருந்தால் பேச்சு. ஆணியில் இருந்தால் வேலை. ஆணியில் இருக்கும்போது கலெக்டரே வந்து வணக்கம் சொன்னாலும் அவள் காதில் விழாது.

அவள் ஒரு காருக்கு அடியில் போய்விட்டாள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஞானசிகாமணி நின்றார். காற்று அடித்தது. பெல்ட் இரண்டையும் பார்த்தார்.

பழையது நகத்தடிமன் ஒடுங்கிப் போயிருந்தது. ஓரமெல்லாம் பிசிறு. பல்லுக்குப் பல் வெடிப்பு.

“எலி கடிச்சிருக்குமோ?” என்று அந்தக் கால்களிடம் கேட்டார்.

கால்கள் பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது காற்று முதுகில். ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்கூட்டர் பணகுடி வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். வழியில் இரண்டு இடத்தில் பிரேக் பிடித்ததுதான் அவர் செய்த ஒரே வேலை. அதனால் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

தேய்ந்த ரப்பர் ஆவியாகிப் போகாது.

கடையின் பின்பக்கம் முதல் வண்டியின் இன்ஜின் தார்ப்பாய்க்கு அடியில் செத்துக் கிடந்தது. அதன் அடியில், எண்ணெய் தேங்கும் தொட்டியை அவர் கழற்றவே இல்லை. பெல்ட் மாற்றுவதற்கு அடித்தொட்டியை எதற்குக் கழற்றவேண்டும் என்பது அவர் கட்சி. முப்பத்தி மூணு வருஷத்தில் ஒருநாளும் கழற்றியதில்லை.

கழற்றினார்.

எண்ணெயை மேலே உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை. டீ வடிகட்டி அளவுதான். அதில் ஓட்டை ஒன்றைக்கூடக் காணவில்லை. கறுப்புப் பொடி, டீத்தூள் மாதிரி, அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதைச் சுரண்டி எடுத்து, டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு, மறுபடியும் காற்றை எதிர்த்து வந்து மேசைமேல் வைத்தார். வளையல் கையில் இருந்தது.

“மிச்சம் கொண்டாந்துட்டேன் டீச்சர்.”

“எங்க இருந்துச்சு?”

“நான் பாக்காத இடத்துல.”

அவள் அந்தப் பொடியை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“அந்த வண்டிக்கு எண்ணெய் மாத்துனது யாரு?”

“அஞ்சு வருசமா நான்தான்.”

“எந்த எண்ணெய்?”

“நல்ல கெட்டி எண்ணெய். லாரிக்கு ஊத்துவோம்லா, அது. கம்பெனிக்காரன் சொல்லுத எண்ணெய் தண்ணி மாதிரி இருக்கு, இன்ஜினுக்குச் சத்து பத்தாது. ஒரு பாசத்துல ஊத்துனதுதான்.”

“அந்தப் பாசத்துலதான் ரப்பர் ஊறி உதிர்ந்திருக்கு.”

ஒரு அட்டையைக் கிழித்து, ராஜபுஷ்பம் வண்டிக்கு ஊற்றவேண்டிய எண்ணெயின் நம்பரை எழுதி நீட்டினாள். அவர் அதைப் பைபிள் வசனம் போல இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

*

“சரி, முதல் வண்டி என் தப்பு. ஒத்துக்கிடுதேன். ஆனா ரெண்டாவது வண்டியில நான் ஒரு தப்பும் செய்யல டீச்சர். நான் புள்ளி வச்சேன்.”

புள்ளி என்றால் சாதாரணப் புள்ளி இல்லை. வள்ளியூரிலிருந்து கன்னியாகுமரி வரை அவருக்குச் ‘சிவப்புப் புள்ளி சிகாமணி’ என்றுதான் பெயர். எந்த இன்ஜினைப் பிரித்தாலும், பிரிக்கும் முன்னால் பெல்ட் சுற்றுகிற சக்கரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேராக இன்ஜின் உடம்பில் ஒரு புள்ளி. மனைவியின் நகப்பூச்சு. திரும்ப மாட்டும்போது இரண்டும் நேருக்கு நேர் நிற்கவேண்டும். நின்றால் டைமிங் சரி; வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடும், பிஸ்டன் வந்து இடிக்காது. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் பானெட்டை மூடுவார்கள். மனைவி மட்டும் கல்யாணத்தன்று நகப்பூச்சு போட்டதோடு சரி. அதற்குப் பிறகு பாட்டில் அவள் கைக்குப் போகவில்லை.

“கழட்டும்போது வச்ச புள்ளி, மாட்டும்போது அப்படியே இருந்துச்சு. மயிரிழை மாறல. பொறவு எப்படி டீச்சர் வால்வு வளையும்?”

“பாட்டில் இருக்கா?”

சட்டைப்பையில் இருந்தது.

மைமூன் வலது கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். வெள்ளி வளையல் மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்தது.

“வளையல்ல ஒரு புள்ளி வைங்க. அதுக்கு நேரா மேசையில ஒரு புள்ளி.”

நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து, வைத்தார். முப்பத்தி மூணு வருஷப் பழக்கம். இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஊதவேண்டிய வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது.

அவள் இடது கை விரல்களால் வளையலை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, உள்ளே இருந்த வலது கையைத் திருப்பினாள். கவிழ்ந்திருந்த கை மல்லாந்தது.

“புள்ளி மாறிச்சா அண்ணாச்சி?”

“இல்ல.”

“மயிரிழை?”

“இல்ல.”

“கைக்கு யாரு புள்ளி வச்சது?”

ஞானசிகாமணி அந்த உள்ளங்கையைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார். மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்தார்.

பழைய இன்ஜின்களில், தண்டுக்கும் அதன்மேல் மாட்டுகிற சக்கரத்துக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். கீ என்பார்கள். அது இருந்தால் சக்கரம் நழுவாது. சக்கரத்தில் வைத்த புள்ளி தண்டுக்கும் சேர்த்துத்தான்.

“அந்தக் கீயத் தேடுனேன் டீச்சர்,” என்றார் மெதுவாக. “ரெண்டாவது வண்டியில அதக் காணல. கீழ விழுந்துட்டுன்னு நினைச்சேன். கடை பூரா வாரியல எடுத்துக் கூட்டுனேன். சாக்கடைக்குள்ள காந்தம் விட்டுப் பாத்தேன்.”

“கெடச்சுதா?”

“வேற வண்டி கீ நாலு கெடச்சுது.”

மைமூன் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து அவர் பார்த்தார்.

“இந்த இன்ஜினுக்குக் கீயே கிடையாது அண்ணாச்சி.”

“அப்ப சக்கரத்த எது பிடிச்சு வச்சிருக்கு?”

“அந்த ஒரு போல்ட்டோட இறுக்கம்.”

“போல்ட்டை லூஸ் பண்ணிட்டா?”

அவள் மல்லாந்த கையை மறுபடி கவிழ்த்தாள். மறுபடி மல்லாத்தினாள். புள்ளிகள் இரண்டும் ஒன்றுமே அறியாதது போல நேருக்கு நேர் நின்றன.

உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் இரும்புப் பின்கள். சக்கரத்தைப் பிடிக்க இல்லை. உள்ளே இருக்கும் தண்டையே பிடித்து நிறுத்த.

“வேலை முடிஞ்ச பொறவு தண்டைக் கையால ரெண்டு சுத்து சுத்துங்க. அதுக்கப்புறமும் பின் அதோட துளைக்குள்ள தானா போகணும்.”

“போகலன்னா?”

அவள் வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

*

ராஜபுஷ்பத்தின் வண்டியில் அவர் முதலில் கழற்றியது அடித்தொட்டியை. வலையில் பாதிதான் அடைத்திருந்தது. கழுவினார். மைமூன் கொடுத்த பின்னைச் செருகித் தண்டை அசையாமல் நிறுத்தினார். புது பெல்ட் போட்டார். போல்ட்டுகளை இறுக்கினார். பின்னை உருவிவிட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றினார்.

மறுபடி பின்னைச் செருகினார்.

போகவில்லை.

ரொம்ப இல்லை. மயிரிழை.

பித்தளைச் சுத்தியல் பக்கத்தில் கிடந்தது. ஒரே ஒரு தட்டு போதும். யாரும் பார்க்கவில்லை. கை தானாகப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டது. எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

சுத்தியலோடு எழுந்தார். எதிர் டீக்கடைக்குப் போனார்.

“இத உள்ள வையும். நான் வந்து கெஞ்சுனாலும் குடுக்கப்படாது.”

“என்ன அண்ணாச்சி, யாரையும் அடிச்சுக் கிடிச்சுட்டீரா?” என்றார் டீக்கடைக்காரர்.

“அடிச்சிரக்கூடாதுன்னுதான் வந்தேன்.”

திரும்பி வந்து எல்லாவற்றையும் பிரித்தார். ஒரு தரம் இறுக்கிய போல்ட்டை அந்த இன்ஜினில் மறுதரம் போடக்கூடாது. புதிதாகத் திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும். இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் நாள், ஊசிப்பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி ராஜபுஷ்பம் வந்தாள்.

“என்ன சிகாமணியண்ணே, செத்துட்டா?”

“இன்னும் பொறக்கலம்மா.”

“நான் பாக்காத பிரசவமா. எப்ப பொறக்கும்?”

“அத நான் சொல்லக்கூடாது. அது சொல்லணும்.”

போல்ட் வந்தது. மறுபடி தண்டை நிறுத்தி, பெல்ட் போட்டு, இறுக்கி, இரண்டு சுற்று. பின்னை இரண்டு விரலால் மட்டும் பிடித்துச் செருகினார்.

பழகின வீட்டுக்குள் பூனை நுழைவது போல, சத்தமில்லாமல் உள்ளே போனது.

*

அட்டையில் எழுதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு வண்டி கடையை விட்டுக் கிளம்பிய பன்னிரண்டாம் நாள் காலை. அந்தக் காற்றை எதிர்த்து, காற்றாலைகளுக்கு நடுவே, ராஜபுஷ்பம் ஓட்ட, பக்கத்து இருக்கையில் மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஞானசிகாமணி வந்து இறங்கினார்.

மைமூன் வாசலுக்கு வந்தாள். வளையல் கையில் இருந்தது. அதன்மேல் அந்தச் சிவப்புப் புள்ளியும் இருந்தது. அவள் அதைச் சுரண்டி எடுத்திருக்கவில்லை.

அவள் பின்னால், ஒரு கார் பானெட்டைத் திறந்துபோட்டு நின்றுகொண்டிருந்தது.

“டீச்சரம்மா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க,” என்றாள் ராஜபுஷ்பம், தன் வண்டியின் பானெட்டைத் தூக்கிக்கொண்டே. “ஊருல இருக்க அத்தனை வண்டிக்கும் இவரு புள்ளி வைப்பாரு. என் வண்டிக்கு வைக்கல. கேட்டா பதிலும் சொல்ல மாட்டேங்காரு. நான் என்ன பாவம் செஞ்சேன்?”

மைமூன் குனிந்து பார்த்தாள். சக்கரத்தில் இல்லை. இன்ஜின் உடம்பில் இல்லை. எங்கேயும் சிவப்பே இல்லை.

“புள்ளி எங்க அண்ணாச்சி?”

ஞானசிகாமணி மரப்பெட்டியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை அவள் முன்னால் நீட்டினார். கவிழ்ந்திருந்த கையை மெல்லத் திருப்பினார்.

உள்ளங்கை நடுவில், காலையில் வைத்தது, இன்னும் பளபளவென்று இருந்தது.

மைமூன் வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பின்னால் நின்ற காரைக் கண்ணால் காட்டிவிட்டு, ஒரு ஸ்பேனரை எடுத்து அந்தப் புள்ளியின் மேல் வைத்தாள்.