கடலை முழுங்கிய ஊர்

பொட்டல்பட்டிக்காரர்களுக்குப் புத்தி கம்மி என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். கம்மி என்றால் கொஞ்சமாவது இருக்க வேண்டுமே!

அந்த ஊரில் விளைவது கடலை ஒன்றுதான். அந்த வருஷம் மற்றவர்கள் வயலெல்லாம் பொய்த்துவிட, சடையாண்டிக்கு மட்டும் ரெண்டு ஏக்கரிலும் காய் கொத்துக் கொத்தாய்ப் பிடித்திருந்தது. பிடுங்கி விற்றால் ஒரு ஜோடி மாடு வாங்கலாம். மருதன், வீரன் என்று பேர்கூட வைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துச் சந்தைக்குப் போன பேயாண்டி தலைதெறிக்க ஓடிவந்தான்.

"படிச்ச மனுசன் ஒருத்தர் மைக்குல கத்துறாருப்பா! பூமி சூடாயிருச்சாம். 'கடலை இப்படியே விட்டா ஊர் ஊரா முழுங்கிரும்'ங்கிறாரு!"

சடையாண்டி பதறி எழுந்தான். "கடலையா? அது எப்படி நம்மள முழுங்கும்?"

நாட்டாமை ஒச்சப்பன் மீசையைத் தடவினார். "நாம எத்தன வருசமா அத முழுங்குறோம்? அது மட்டும் சும்மா இருக்குமா?"

நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"பிடுங்காம விட்டுருவோமா?" என்றான் பேயாண்டி.

"'இப்படியே விட்டா'ன்னுதானடா சொல்லியிருக்காரு!" என்று அதட்டினார் ஒச்சப்பன்.

"வித்துரலாமே," என்றான் சடையாண்டி, மாட்டை நினைத்து.

"அடப்பாவி! வாங்குறவன் ஊரு அழியட்டும்கிறியா?" என்று பாய்ந்தான் பேயாண்டி.

கடைசியில் நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். அது நம்மை முழுங்குவதற்குள் நாம் அதை முழுங்கிவிட வேண்டியது.

மூன்று நாள் ஊரே சடையாண்டி வயலில் உட்கார்ந்து தின்றது. பச்சையாய், வறுத்து, அவித்து. மருதனும் வீரனும் கண்ணெதிரே போவதைப் பார்த்துச் சடையாண்டி அழுதுகொண்டே தின்றான். மற்றவர்களைவிட ரெண்டு பிடி கூடவே தின்றான், வயல் அவனுடையதாச்சே. அந்த வாரம் பொட்டல்பட்டியில் செக்கு ஓடவில்லை, வண்டி ஓடவில்லை. ஓடியதெல்லாம் ஜனங்கள்தான், சொம்பும் கையுமாய்.

"பாத்தியா, உள்ள போயும் மல்லுக்கு நிக்குது," என்றார் ஒச்சப்பன்.

நாலாம் நாள் கடலை வாங்க வந்த எண்ணெய் வியாபாரி காதர் பாய், மலையாய்க் குவிந்த தோலைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், அவரு சொன்னது கடல்யா, கடல்! சமுத்திரம்! அந்தத் தண்ணி ஏறி வருதாம்!"

சடையாண்டி காலி வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப கெளம்புங்கப்பா. என் ரெண்டு ஏக்கர மூணு நாள்ல முழுங்குன ஊரு, அத முழுங்காதா? தின்ன தீனிக்குத் தாகமும் எடுக்குது."

"அட, அது ஒரே உப்புய்யா!" என்று அலறினார் காதர் பாய்.

சடையாண்டி முகம் அன்றைக்குத்தான் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு பாய். அவிக்கிறப்ப உப்புப் போட மறந்துட்டோமேன்னு மூணு நாளா மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு."