குறிமுள்

சாலிகிராமத்தில் சினிமாவுக்குப் பொய் ஆயுதங்கள் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவர் சுலைகா. வாளோ ஈட்டியோ துப்பாக்கியோ, அவர் கைபட்டு வந்துவிட்டால் கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் தொழில் பழக வந்த உமாபதி வயதில் அவருக்கு மூத்தவர். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வார்ப்பு அச்சுகள் செய்துகொண்டிருந்தவர். அது மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். எடுத்த வேலையை அப்பழுக்கில்லாமல் முடிக்கிற ஆள்.

ஒரு படத்துக்குப் பழைய காலத்துப் போலீஸ் துப்பாக்கி தேவைப்பட்டது. மில் தொழிலாளர் ஊர்வலத்தை நோக்கிச் சுடுகிற காட்சி. போலீஸ் கவாத்துப் பழகுவதற்கு வைத்திருந்து கழித்துப்போட்ட த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் ஒன்றைப் படக் கம்பெனியே அனுப்பி வைத்தது. குழலில் ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். போல்ட்டுக்குள், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி கிடையாது. மரக்கட்டை பாதி உளுத்திருந்தது. சுவரோரம் கிடந்த அதைப் பட்டறை ஆட்கள் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார்கள்.

“இதுக்கு உடுப்பு மாட்டுங்க உமாபதி,” என்றார் மாஸ்டர்.

உமாபதி பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். குழலை மூடும் மேல்கட்டையை ஃபைபரில் வார்த்தார். முனைக்குத் தகரத்தில் ஒரு மூக்கு, அதன் மேல் குறி பார்க்க ஒரு முள். தோளில் பதியும் அடிக்கட்டைக்குப் பித்தளைத் தகடு போல ஒரு பிளாஸ்டிக் தகடு. தோள்வார் ரெக்சினில். எண்ணெய்க் கறை, வியர்வை பட்டு மங்கின இடம் எல்லாமே பெயின்ட்.

மூக்கை மாட்டியதும் பட்டறைப் பூனை வேறு மூலைக்குப் போய்ப் படுத்தது. தகடு மாட்டிய பிறகு, டீ கொண்டு வரும் வசந்தாம்மா துப்பாக்கி முனைக்கு முன்னால் வராமல் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா சுத்திக்கிட்டு வர்றீங்க?” என்று கேட்டார் உமாபதி.

“சுத்தியா வந்தேன்?” என்றார் வசந்தாம்மா. அவருக்கே தெரியவில்லை.

ஒரு மத்தியானம் பட்டறையில் உமாபதி மட்டும் இருந்தார். முதுகுக்குப் பின்னால் போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. திரும்பினார். துப்பாக்கி வைத்த இடத்திலேயே இருந்தது. போல்ட் மூடியிருந்தது. திறந்து வைத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம்.

எல்லாம் முடிந்ததும் மாஸ்டர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுக்கியை எடுத்து, முனையில் இருந்த குறிமுள்ளைக் கொஞ்சம் சாய்த்துவிட்டார்.

“மாஸ்டர், நேரா இருந்ததே!”

“அதான்.”

“தப்பா தெரியுமே?”

“கேமராவுக்குத் தெரியாது. கையில வாங்கறவனுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சு என்ன ஆகணும்?”

மாஸ்டர் இடுக்கியைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உமாபதிக்கு மனசு ஆறவில்லை. படப்பிடிப்புக்குப் போகிற வழியில், வேனுக்குள்ளேயே, முள்ளை நிமிர்த்தினார்.

செங்கல்பட்டுக்கு அப்பால் பூட்டிக் கிடந்த நூற்பாலையில் படப்பிடிப்பு. துப்பாக்கியைக் கையில் வாங்கியவர் பெஞ்சமின். எத்தனையோ படங்களில் போலீஸ்காரராக வந்துபோன துணை நடிகர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். எதிரே தொழிலாளர் வேஷத்தில் ஒரு கூட்டம். முன் வரிசையில் கோமளா என்ற பெண்.

வெறும் ஒத்திகைதான், ஆனாலும் கேமராவையும் ஒலிப்பதிவையும் ஓடவிட்டிருந்தார்கள். வெடிச் சத்தத்தைப் பிற்பாடு சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பெஞ்சமின் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார்.

சத்தம் கேட்டது.

கூட்டம் சிதறி ஓடியது. செருப்புகள் கிடந்தன. கோமளா மட்டும் விழுந்து கிடந்தாள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள். இடது காது கேட்கவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பட்டாசு யார் வெடித்தது என்று டைரக்டர் கத்தினார். யாரும் வெடிக்கவில்லை. ஒலிப்பதிவாளர் மட்டும், “எந்தச் சத்தம்?” என்று கேட்டார். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். பதிவைத் திரும்பப் போட்டார்கள். காற்று இரைந்தது. காக்கை கத்தியது. அப்புறம் ஆட்கள் ஓடுகிற சத்தம்.

உமாபதி துப்பாக்கியைப் பிடுங்கி, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். ஈயம் அப்படியே இருந்தது. வெடிமருந்து வாசனை இல்லை.

பெஞ்சமின் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“என்னாச்சு பெஞ்சமின்?”

“முள்ளு வழியா பார்த்தேங்க. இத்தனை கூட்டத்துல அந்தம்மா முகம் மட்டும்தான் தெரிஞ்சது. அப்புறம் விரல் தானா போயிடுச்சுங்க.”

சட்டையை விலக்கிக் காட்டினார். வலது தோள் கருநீலமாகக் கன்றியிருந்தது.

மறுநாள் காலை உமாபதி எல்லாவற்றையும் மாஸ்டரிடம் சொன்னார். முள்ளை நிமிர்த்தியதையும் சேர்த்துச் சொன்னார். மாஸ்டர் கோபப்படவில்லை.

“அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?”

“காது இன்னும் கேக்கலையாம். டாக்டருங்க ஒண்ணுமில்லைங்கறாங்களாம்.”

“பெஞ்சமின்?”

“ஊருக்குப் போயிட்டாரு. ஆனா கூட்டம் ஓடினதைக் கேமராவுல பிடிச்சிருக்காங்க மாஸ்டர். டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். இதே துப்பாக்கிதான் வேணுமாம், இன்னைக்கும் அனுப்பச் சொல்றாரு.”

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

“நானே செஞ்சது மாஸ்டர். ஃபைபர், தகரம், பெயின்ட். உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாரும் பயந்த மனசுல எதையோ கேட்டிருக்காங்க. பொம்மையைப் பார்த்து நாம எதுக்குப் பயப்படணும்?”

மாஸ்டர் எழுந்தார்.

“அதை எடுத்துக்கிட்டு வாங்க.”

பட்டறைக்குப் பின்னால் வெயில் காய்கிற முற்றம். மாஸ்டர் எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றார்.

“தோள்ல வைங்க.”

உமாபதி சிரித்துக்கொண்டே வைத்தார்.

“முள்ளு வழியா பாருங்க. நான் தெரியறேனா?”

“தெரியறீங்க.”

“அழுத்துங்க.”

உமாபதியின் சிரிப்பு நின்றது. முள்ளின் நுனியில் மாஸ்டரின் நெற்றி இருந்தது. சுவர் தெரியவில்லை. வெயில் தெரியவில்லை. அந்த நெற்றி மட்டும், அதில் ஒட்டியிருந்த ஒற்றை நரைமுடி மட்டும், மிகத் தெளிவாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் தகடு தோளில் பித்தளை போலக் குளிர்ந்தது.

“உள்ள ஒண்ணும் இல்லையே உமாபதி. அழுத்துங்க.”

விரலை விசையின் மேல் வைத்தார். அது அங்கேயே நின்றது. கை நடுங்கியது. துப்பாக்கி நடுங்கவில்லை.

“மாஸ்டர், தள்ளி நில்லுங்க.”

“ஏன்?”

“தள்ளி நில்லுங்க மாஸ்டர்!”

மாஸ்டர் நகரவில்லை. உமாபதி முனையை மெல்லத் தரைக்கு இறக்கினார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. கம்பெனி ஆள் இறங்கி வந்து முற்றத்தை எட்டிப் பார்த்தார்.

“சார், துப்பாக்கி ரெடியா? ஆர்டிஸ்ட் எல்லாம் வந்தாச்சு.”

உமாபதி மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சொல்லட்டும் மாஸ்டர்?”

“உங்க விரல் இப்ப என்ன சொல்லிச்சோ, அதைச் சொல்லுங்க.”