ஞாயிறு சாயங்காலம் மண்டபம் யாருக்கு?

விடை தெரிந்துவிட்டது என்று நடுவில் குதிக்காதீர்கள். இந்தக் கதையில் அப்படிக் குதித்தவர்தான் வாசலில் மாட்டிக்கொண்டார்.

புதுக்கோட்டையில் கோமளவல்லிக்கு ஒரு கல்யாண மண்டபம். அதில் பாதிப் பங்கு அவருடைய கொழுந்தன் ரத்னவேலுக்கு. மண்டபத்தில் ஒரு புக்கிங் மேசை, பஸ் ஸ்டாண்ட் அருகே இன்னொன்று. சென்ற ஆண்டு இரண்டு மேசைகளும் ஒரே முகூர்த்தத்தை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டன. இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே வாசலில் வந்து இறங்கினார்கள். இடம் கிடைக்காத பெண்ணின் தாய் தெருவில் உட்கார்ந்து அழுததைக் கோமளவல்லியால் மறக்க முடியவில்லை. ரத்னவேல் மறக்க விடவும் இல்லை. மண்டபத்தை இடித்துக் கார் ஷோரூமுக்கு விட வேண்டும் என்பது அவர் ஆசை.

"தம்பி, இன்னொரு தடவை என் வாசல்ல ரெண்டு மாப்பிள்ளை நின்னா, சாவியை நானே உங்க கையில குடுத்துடுறேன்" என்றார் கோமளவல்லி. கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னது சொன்னதே.

பிறகு கம்ப்யூட்டருக்கு மாறுவது என்று முடிவாகி, இரண்டு டேட்டாபேஸ்களை ஒப்பிட்டுப் பார்த்தார். விற்க வந்த இருவரில் அருள்தாஸ் கொண்டுவந்தது படுவேகம். மேசைகளுக்கு நடுவே இணைப்பு அறுந்தாலும் நிற்காது. வந்தவருக்கெல்லாம் ரசீது கொடுத்துவிட்டு, பிறகு சரிபார்த்துக்கொள்ளும். ஷமீமா கொண்டுவந்தது கொஞ்சம் மந்தம். ஒரு மேசை ஒரு தேதியைத் தொட்டால் மற்ற மேசையைக் காக்க வைக்கும். இணைப்பு இல்லாவிட்டால் கையை விரித்துவிடும்.

கோமளவல்லி ஒரு மேசையிலும் மேனேஜர் நல்லசிவம் மற்ற மேசையிலும் உட்கார்ந்து, போனில் பேசிக்கொண்டே ஒரே தேதியை ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். அருள்தாஸின் டேட்டாபேஸ் இருவருக்கும் வாழ்த்துச் சொல்லி ரசீது அடித்தது. சற்றுப் பொறுத்து ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது. ஷமீமாவினுடையது ஒருவருக்கு மட்டுமே கொடுத்தது. மன்னிப்பை வைத்துக்கொண்டு பந்தி போட முடியுமா? ஆர்டர் ஷமீமாவுக்கே போனது.

"மேடம், விதி என்னன்னு சொல்லுங்க. எழுதிட்டா அது அதையேதான் பிடிச்சுக்கிட்டு நிக்கும்" என்றார் ஷமீமா.

"ஒரு தேதிக்கு ஒரே வீட்டார். அவ்வளவுதான்."

"நாள் எப்போ ஆரம்பிக்குது, எப்போ முடியுதுன்னு..."

"நாள்னா நாள்தாம்மா. காலண்டர்ல பார்த்துக்கோ."

பக்கத்தில் நின்ற நல்லசிவம் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கல்யாணம் என்றால் முதல் நாள் பிற்பகலே சாவியைக் கொடுத்து, மறுநாள் பிற்பகலில் திரும்ப வாங்குவது அவர் வேலை. தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவருக்கு மனத்தாங்கல். எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்று, அன்றோடு புக்கிங் பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்குமுன் வாசலில் இரண்டு கூட்டம். ஒன்று, காலையில் கோயிலில் தாலி கட்டிவிட்டுச் சாயங்கால வரவேற்புக்கு வந்த ஜோடியும் அவர்கள் வீட்டாரும். மற்றது, திங்கள் விடிகாலை முகூர்த்தத்துக்காக முதல் நாளே வந்து இறங்கிய கல்யாண வீட்டார். மாப்பிள்ளை அழைப்பும் ராத்திரிச் சாப்பாடும் அவர்களுக்கு அன்றைக்கே. ஒரு ரசீதில் ஞாயிறு என்று இருந்தது, மற்றதில் திங்கள். இரண்டும் அசல்.

"எங்க ரசீதைப் பாருங்க, ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கு!" என்றார் வரவேற்பு வீட்டுக்காரர்.

"அப்போ என் பொண்ணு ராத்திரி பூரா ரோட்டுல உட்கார்ந்திருந்துட்டு விடிகாலையில மணையில உட்காரணுமா?" என்று கத்தினார் திங்கட்கிழமைப் பெண்ணின் தகப்பனார் திருமேனி. இரு பக்கத்துச் சமையல்காரர்களும் அண்டாக்களோடு அடுக்களை வாசலை மறித்தார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கப் போனார். கோமளவல்லி ஷமீமாவைப் போனில் கூப்பிட்டார்.

ரத்னவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார். "ரெண்டு மாப்பிள்ளை நிக்கிறாங்க, அண்ணி. அருள்தாஸ்கிட்ட வாங்கியிருந்தா இந்த வம்பு உண்டா? சாவியைக் குடுங்க."

போனில் ஷமீமா சொன்னார்: "மேடம், ஒரு தேதியை ரெண்டு பேருக்கு அது குடுக்கவே இல்லை. நீங்க சொன்ன விதிப்படிதான் நடந்திருக்கு."

"எனக்குத் தெரியும்தான். என்னை யாரு கேட்டா?" என்று முணுமுணுத்தார் நல்லசிவம்.

சொல்லுங்கள், பிழை யாருடையது? ஷமீமாவின் டேட்டாபேஸினுடையதா, வாயை மூடிக்கொண்ட நல்லசிவத்தினுடையதா, தேர்ந்தெடுத்து வாங்கிய கோமளவல்லியினுடையதா? சாவி கைமாற வேண்டியதுதானா?

விடை: டேட்டாபேஸ் பிழை செய்யவில்லை; ஞாயிறும் திங்களும் வெவ்வேறு தேதிகள். அருள்தாஸினுடையதை வாங்கியிருந்தாலும் அதற்கும் இதே விதியைத்தான் சொல்லியிருப்பார்கள், இதே வம்புதான் வந்திருக்கும். நல்லசிவம் பேசாதது தப்பு. ஆனால் கேட்க வந்த ஷமீமாவின் வாயை அடைத்தவர் கோமளவல்லி. கல்யாண வீட்டுக்கு நாள் முந்தின பிற்பகலே தொடங்கிவிடும் என்பது மண்டபக்காரருக்குத் தெரியாததா? தேர்ந்தெடுத்தது சரி, சொல்லிக்கொடுத்த விதிதான் தவறு. ஆகவே பிழை அவருடையது. சாவி கைமாற வேண்டியதுதான்.

அவரும் அதைத்தான் செய்தார். சாவி ரத்னவேல் கைக்குப் போனதும் இரண்டு வீட்டாரும் அவர் பக்கம் திரும்பி, "இப்போ நீங்க சொல்லுங்க, மண்டபம் யாருக்கு?" என்றார்கள். ரத்னவேல் சாவியைக் கையில் புரட்டிக்கொண்டு அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். கோமளவல்லிதான் திருமேனியின் முன் கைகூப்பி நின்றார். "தப்பு என்னுது. மாப்பிள்ளை அழைப்பும் சாப்பாடும் என் வீட்டுல, என் செலவுல நடக்கட்டும். வரவேற்பு முடிஞ்சதும் மண்டபம் உங்களுக்கு." திருமேனி மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

திங்கட்கிழமை தாலி ஏறியபின் ரத்னவேல் சாவியை அண்ணியிடம் நீட்டினார். "இது என்னால ஆகாது. விதியைத் திருத்தி எழுத ஷமீமாவை வரச் சொல்லுங்க. இந்தத் தடவை நல்லசிவமும் கூட உட்காரட்டும்" என்றார்.