நாயைப் பார்த்தது யார்

சட்டக் கல்லூரியில் அன்றைக்கு மாதிரி நீதிமன்றம். நீதிபதி நாற்காலியில், அங்கே பாடம் எடுக்க வரும் சீனியர் வக்கீல் குலோத்துங்கன். திருட்டைக் கண்ணால் பார்த்த சாட்சியாகக் கூண்டில் நின்றவன் அவருடைய ஜூனியர் திலீபன். குறுக்கு விசாரணை மாணவி மாரிச்செல்வியுடையது. போன வாரம் வகுப்பில் குலோத்துங்கனை எதிர்த்துப் பேசியவள் அவள். மனுஷன் அதை மறக்கவில்லை.

“ஒரே கேள்விதாம்மா. அதுலயே இவன் பொய்ச்சாட்சின்னு காட்டணும். இல்லைன்னா ஃபெயில், அடுத்த வருஷம் வா,” என்றார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் திலீபன் மனப்பாடம் பண்ணியிருந்தான். அது மாரிச்செல்விக்குத் தெரியும். மனப்பாடத்தில் இல்லாததைக் கேட்டாள்.

“அந்த வீட்டு வாசல்ல நாய் இருந்துச்சாண்ணே?”

திலீபன் நீதிபதி நாற்காலியைப் பார்த்தான். குலோத்துங்கனுக்குப் பொறுக்கவில்லை; அவரே எடுத்துக் கொடுத்தார்.

“இருந்துச்சு. கறுப்பு நாய்.”

“ஆமா, கறுப்பு நாய்,” என்றான் திலீபன்.

“அவ்வளவுதாங்க ஐயா,” என்றாள் மாரிச்செல்வி. “நாயைப் பார்த்தது நீங்க. சாட்சி சொல்றது இவரு.”

வகுப்பே ஆடிப்போனது. சிரிக்கக்கூட ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் திலீபன் கூண்டிலிருந்து எட்டி, மெதுவாகக் கேட்டான்:

“இதுக்கு என்ன சார் சொல்லணும்?”

குலோத்துங்கன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மாரிச்செல்விக்குப் பாஸ் போட்டுவிட்டு எழுந்து போனார்.